அடக்கமாக ஒரு கேக்

1

இந்தக் கதை என் யோசனை இல்லை. தொலைபேசியில் வந்தது. தெரிந்த தொகுப்பாசிரியர் ஒருவர் கூப்பிட்டு, தூர தேசத்து வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒரு கதைத் தொகுப்பு கொண்டுவருகிறோம், விற்கிற பணம் முழுக்க அங்கே போகும், நீங்களும் ஒன்று தாருங்கள் என்றார். சரி என்றேன். இதற்கெல்லாம் முடியாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

"ஒரே ஒரு வேண்டுகோள். கொஞ்சம் சிரிக்கிற மாதிரி இருக்கட்டும். மத்தவங்க எல்லாரும் அழ வெச்சிருக்காங்க. இப்படியே போனா வெளியீட்டு விழாவுல யாருக்கும் சாப்பாடு இறங்காது."

"சாப்பாடு உண்டா?"

"சாப்பாடு இல்லாம விழாவா? நல்ல ஹாலா பிடிச்சிருக்கோம். ஏசி."

போனை வைத்ததும் என்ன சட்டை போட்டுக்கொண்டு போகலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். கதை அந்தச் சட்டையிலிருந்துதான் பிறந்தது. நிஜ வெள்ளத்தைத் தொட எனக்குத் தைரியம் இல்லாததால், கதைக்கென்று ஒரு நிலநடுக்கத்தை உண்டாக்கிக்கொண்டேன். ஆரம்பங்கள் மூன்று எழுதினேன்.

*மனிதகுலத்தின் துயரம் என்பது* (அடித்தாயிற்று. மனிதகுலத்தில் ஆரம்பிக்கிற எதையும் நான் இரண்டாம் பக்கத்துக்கு மேல் படித்ததில்லை.)

*பூமி குலுங்கிய அன்று பொடிசு கேக்குக்கு முன்பணம் கட்டிவிட்டு* (கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருக்கிறது. இப்படி ஆரம்பித்தால் அவள் பணம் கட்டியதால்தான் பூமி குலுங்கியது என்று ஆகிவிடும்.)

*டிவியில் ஒரு சுவர் விழுந்தது. சோபாவில் இருந்தவர், "கம்பி பத்தல" என்றார்.*

இதை வைத்துக்கொள்கிறேன்.

2

சொன்னவர் காப்பீட்டு நிறுவனத்துக்காக நஷ்டம் மதிப்பிடுகிறவர். எரிந்த கடை, ஒழுகிய கூரை, சாய்ந்த மதில் என்று எங்கே எது போனாலும் அளவுநாடாவோடு போய் நின்று, போனது எவ்வளவு என்று சொல்வது அவர் வேலை. வாய்விட்டு அழுகிற ஆளிடம், "பார்த்துட்டேங்க, இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வருவார். கல்நெஞ்சு ஒன்றும் இல்லை. அந்த வார்த்தையை யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆகவேண்டும்.

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைப் பார்ப்பார், பிறகுதான் மனிதர்களைப் பார்ப்பார். அதனால் பெண்டாட்டி வீட்டு சொந்தபந்தம் அவருக்கு வைத்த பெயர் விரிசல். "விரிசல் மாப்ள வர்றாரு, காலண்டர அந்தப் பக்கம் மாத்தி மாட்டு" என்று அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே காலண்டரைத் தூக்கிப் பார்ப்பார்.

அவர் மனைவிதான் பொடிசு. வீட்டின் கடைக்குட்டி. முறையான பெயர் ஒன்று உண்டு, அது அடையாள அட்டையில் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் பொடிசு. மூக்குக்கண்ணாடி வந்த பிறகும், முழங்கால் வலி வந்த பிறகும் பொடிசுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஐம்பது வயது ஆகிறது. கூரியர் அலுவலகத்தில் பார்சல் கவுண்டரில் வேலை.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. அதைச் சொல்ல அவள் அக்காவைக் கூப்பிட வேண்டும்.

3

பெரியக்கா தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். பொடிசை விட எட்டு வயது மூத்தவள். பிறந்தநாளில் மட்டும் ஒரே ஒரு நாள் மூத்தவள். இன்று அக்காவுக்கு என்றால் நாளை தங்கைக்கு. அடுத்தடுத்த நாளில் இரண்டு கேக் வாங்க அவர்கள் அப்பாவுக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது? அக்கா கேக் வெட்டுவாள். மிச்சத்தை மூடி வைப்பார்கள். மறுநாள் அந்த மிச்சத்தில் மெழுகுவத்தி குத்தி, அக்காவின் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு, "ம், ஊது" என்பார்கள்.

ஆக, பொடிசு பிறந்ததிலிருந்து ஒரு முழு கேக்கில் கத்தி வைத்ததில்லை. ஏற்கெனவே வாய் பிளந்த கேக்தான் அவளுக்கு வாய்த்தது.

கல்யாணமானால் தீரும் என்று நினைத்தாள். தீரவில்லை. வருஷம் தவறாமல் அக்கா மிச்சக் கேக்கை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து, மூச்சு வாங்க மாடி ஏறி வந்துவிடுவாள். அன்பாகத்தான். அதில்தான் சிக்கலே. முறைக்கவும் முடியாது. விரிசலும் இது அந்தக் குடும்பத்துப் பழக்கம் போலிருக்கிறது என்று பல வருஷம் சும்மா இருந்தார்.

(வாசகர்களில் மூத்த அக்காக்கள் இருந்தால் மன்னிக்கவும். கடைக்குட்டிகள் யாரும் இந்த அடைப்புக்குறியைப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியும்.)

விஷயம் தெரிந்த பிறகு அவர் ஆடிப்போய்விட்டார். உடனே பேக்கரி மாடியில் இருக்கும் சின்ன ஹாலைப் பிடித்தார். மூன்றடுக்கு கேக், உச்சியில் சர்க்கரை ரோஜாக்கள், சொந்தபந்தம் எல்லோருக்கும் அழைப்பு. பொடிசு முன்பணம் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது டிவியில் அந்தச் சுவர் விழுந்தது.

4

முதல் நாள் அவர் ஒவ்வொரு சுவருக்கும் காரணம் சொன்னார். கம்பி பத்தல. மண்ணு சரியில்ல. இது ஒரே செங்கல் கனம், எப்படி நிக்கும். இரண்டாம் நாள் பேச்சு குறைந்தது. மூன்றாம் நாள் ஒரு மனிதர் தன் வீடு இருந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைக் காட்டினார்கள். விரிசல் எழுந்து போய் டிவியை அணைத்தார்.

பொடிசுக்கு டிவி பார்க்கவே நேரமில்லை. கூரியர் நிறுவனம் நிவாரணப் பொருள்களை இலவசமாக அனுப்புகிறோம் என்று அறிவித்துவிட்டது. இலவசம் என்றதும் ஊரே பீரோவைக் காலி செய்துகொண்டு வந்தது. கைப்பிடி இல்லாத வாணலி. ஒற்றைக் கால் ஷூ. நீச்சல் உடை. யாரோ ஒரு புண்ணியவான் எடை குறைக்கும் கருவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அங்க எல்லாரும் பட்டினியா இருக்காங்க," என்றாள் பொடிசு.

"அதான், ஈசியா குறையும்," என்று அவன் வாயில் வந்துவிட்டது. பிறகு அவனே வெட்கப்பட்டுத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனான்.

வேண்டியது, வேண்டாதது என்று அவள்தான் பிரித்தாள். நாள் முழுக்க நின்று முழங்கால் வீங்கியது. வெள்ளிக்கிழமை ஒரு பையிலிருந்து சிறுமிக்கான கவுன் ஒன்று வந்தது. முழுக்க ஜிகினா. விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். "நிவாரணத்துல ஜிகினா கவுனா? அந்தப் பக்கம் போடுங்கம்மா. பாத்தா சிரிப்பாங்க."

"இருக்கட்டும் சார். அங்கயும் யாருக்காவது பிறந்தநாள் வரும்ல," என்று இரண்டு கம்பளிகளுக்கு நடுவே அதை வைத்து மூடி டேப் ஒட்டினாள்.

இதை அவள் சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. வேறெதற்கோ மேற்பார்வையாளரை உள்ளே கொண்டுவந்தேன். எழுதிவிட்டு அன்று மேற்கொண்டு எழுத முடியவில்லை.

5

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது விரிசல் தொண்டையைக் கனைத்தார். கனைத்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

"இல்ல, யோசிச்சுப் பார்த்தேன். அங்க அவ்வளவு பேர் போயிருக்காங்க. இந்த நேரத்துல நாம ஹால் எடுத்து, மூணு அடுக்குல கேக் வெட்டி..."

"வெட்டி?"

"மனசுக்குச் சரியா படல. நாலு பேர் என்ன சொல்லுவாங்க. உங்க அக்காகூட போன் பண்ணாங்க."

அக்கா பொடிசுக்கும் பண்ணியிருந்தாள். *நான் இந்த வருஷம் கொண்டாடலடி, மனசு வரல. உன் இஷ்டம்மா, நீ பண்ணிக்கோ.* பொடிசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக மிச்சக் கேக் இல்லாத வருஷம். அதிலும் அக்கா கொண்டாடாமலேயே முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். நான் கேக் வெட்டலைன்னா அங்க ஒரு செவுராவது எழுந்து நிக்குமா?"

"அப்படி இல்ல பொடிசு."

"நிக்கும்னா சொல்லுங்க, வெட்டல. அம்பது வருஷம் வெட்டாமத்தான இருந்தேன். எத்தன செவுரு நின்னுச்சு?"

செவுரு விஷயத்தில் அவருக்குப் பதில் தெரியாமல் போனது அதுதான் முதல் தடவை.

"ரத்து பண்ண வேணாம். சிம்பிளா பண்ணிடலாம்," என்றார் கடைசியில்.

6

(கதையை இங்கே நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.)

அந்த நிலநடுக்கத்தை அனுப்பியது நான்தான். ஒரு பெண்ணின் கேக்குக்கு இடைஞ்சல் வேண்டியிருந்தது. மின்வெட்டு போதுமா என்று பார்த்தேன், போதவில்லை. ஹால்காரரோடு சண்டை போட வைத்தேன், உப்புச் சப்பில்லாமல் இருந்தது. அப்புறம்தான் கொஞ்சமும் யோசிக்காமல் ஓர் ஊரையே இடித்தேன். இத்தனைக்கும் நான் கொசு அடிக்கக்கூடத் தயங்குகிற ஆள்.

பிறகு மனசு கேட்காமல் அடுத்த பிரதியில் அதைக் குறைத்தேன். சின்ன அதிர்வு, நாலைந்து ஓடு விழுந்தது, அவ்வளவுதான் என்று எழுதினேன். விரிசல் டிவியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அக்காவுக்கு மனசு வந்துவிட்டது. கேக் வெட்டினார்கள், மிச்சத்தை டப்பாவில் போட்டார்கள். கதை செத்துவிட்டது. மறுபடி இடித்தேன்.

எத்தனை பேர் இறந்தார்கள் என்று எங்கேயும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எழுதுவதென்றால் நான் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த எண் இந்தக் கதைக்குப் பொருத்தமாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். யோசித்ததும் வெட்கமாகிவிட்டது. பேனாவை மூடிவிட்டு டீ போடப் போனேன்.

7

சிம்பிளாகச் செய்வது என்ன லேசுப்பட்ட காரியமா? சனிக்கிழமை காலை இருவரும் பேக்கரிக்குப் போனார்கள். கேக் ஏற்கெனவே தயாராகிக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றுகொண்டிருந்தது. பொடிசு அதைப் பார்த்த பார்வையில் பேக்கரிக்காரர் பூரித்துப்போய்விட்டார்.

"கொஞ்சம் அடக்கமா பண்ணித் தர முடியுமா?" என்றார் விரிசல்.

"அடக்கமான்னா எப்படி சார்? கேக்கு சோகமா இருக்கணுமா?"

"சோகமா வேணாம். சந்தோஷமா இல்லாம இருந்தா போதும்."

பேக்கரிக்காரர் தாடையைச் சொறிந்தார். "மேல் அடுக்க எடுத்துடலாம். ஆனா எடுத்தா குச்சி குத்தின ஓட்டை தெரியும். ஓட்டைய மறைக்க மேல திரும்ப கிரீம் பூசணும். ரோஜாவ எடுத்தா பள்ளம் விழும். அதுக்கும் பூசணும். எல்லாம் தனிச் செலவு சார்."

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அடக்கமான கேக் ஆடம்பரமான கேக்கை விட விலை ஏறிக்கொண்டே போனது. மேல் அடுக்கைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். கேக் இரண்டடுக்காக ஆயிற்று. பிறகு நடு அடுக்கும் போய் அடி அடுக்கு மட்டும் மிஞ்சியது. வட்டம் முழுசாக இருக்கிறதா என்று மட்டும் பொடிசு சுற்றி வந்து பார்த்துக்கொண்டாள்.

"எழுத்து?" என்றார் பேக்கரிக்காரர். புதிதாகப் பூசிய கிரீமின் மேல் அவர் கை பழக்கத்தில் 'மகிழ்ச்சியான பிறந்தநாள்' என்று எழுதிவிட்டிருந்தது.

விரிசல் சங்கடமாக நெளிந்தார். "அந்த மகிழ்ச்சியான மட்டும்..."

பேக்கரிக்காரர் கத்தியின் மழுங்கின பக்கத்தால் மகிழ்ச்சியை வழித்து எடுத்தார். 'பிறந்தநாள்' என்பது மட்டும் மிஞ்சியது, தகவல் சொல்வதைப் போல.

பலூன்காரியிடம் கலர் வேண்டாம் என்று சொன்னதில் எல்லாம் வெள்ளையாக வந்தன. பாட்டு வேண்டாம், வெறும் வாத்தியம் போதும் என்று சொன்னதில், ஹாலுக்குள் நுழைந்தவர்கள் யார் தவறிவிட்டார்கள் என்று விசாரித்தார்கள்.*

* தொகுப்பாசிரியர் இந்த இடத்தில் ஓரத்தில் "ஹா ஹா" என்று எழுதியிருக்கிறார். அவருடைய ஹாலிலும் வெள்ளைப் பலூன்தானாம்.

8

ஞாயிற்றுக்கிழமை. கேக் மேஜைக்கு வந்தது. பேக்கரிக்காரர் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, கத்தியைப் பொடிசு கையில் கொடுத்தார். எதிரே ஒரு முழு வட்டம். எந்தப் பக்கத்திலிருந்து வெட்ட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. மிச்சக் கேக்கில் அந்தப் பிரச்சினை இருந்ததில்லை, திறந்த பக்கத்திலிருந்தே வெட்டுவது வழக்கம்.

அக்கா முன்னால் வந்தாள். "வெட்டறதுக்கு முன்னாடி, அங்க போனவங்களுக்காக ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்."

அது சரியான பேச்சுதான். எல்லோரும் எழுந்தார்கள். வாத்தியத்தை நிறுத்தினார்கள். தலைகள் குனிந்தன.

ஒரு நிமிஷம் ஆயிற்று. ஒருவரும் அசையவில்லை.

அக்கா தன் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ மௌன அஞ்சலிக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனால் எதையும் அவள் முடித்து வைத்ததில்லை. முடிப்பது மணி. கடைநிலை ஊழியர் மணி அடிப்பார், பிள்ளைகள் நிமிர்வார்கள். ஆரம்பிப்பது மட்டும்தான் தன் வேலை என்று அவள் உடம்புக்கே பழகியிருந்தது. அதனால் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு மணிக்காகக் காத்திருந்தாள். மற்றவர்கள் ஆரம்பித்தவளே முடிப்பாள் என்று அவளுக்காகக் காத்திருந்தார்கள். விரிசல் தன் அலுவலகத்தில் மேலாளர் "நன்றி" என்று சொன்ன பிறகே நிமிர்ந்து பழகியவர். அவரும் காத்திருந்தார்.

எல்லோரும் அடுத்தவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாராவது ஒருவரின் போன் அடித்தால் தேவலை. அக்காவுக்குப் பயந்து எல்லோரும் அணைத்திருந்தார்கள். பேக்கரிக்காரர் மட்டும் அரைக்கண்ணால் மெழுகுவத்தியைப் பார்த்தார். அது உருகி, 'பி'யை மூடிவிட்டு 'ற'வுக்கு வந்துகொண்டிருந்தது.

பொடிசுக்கு முதலில் எரிச்சலாக வந்தது. இதிலும் அக்கா புகுந்துவிட்டாளே என்று. பிறகு மௌனம் நீண்டுகொண்டே போகவும், எரிச்சல் தீர்ந்துபோய் வேறெதுவும் நினைக்க இல்லாமல், அவள் அங்கே இருப்பவர்களை நினைத்தாள். வாரம் முழுக்க அவர்களுக்காகப் பெட்டி கட்டியவளுக்கு அவர்களை நினைக்க நேரம் கிடைத்தது இப்போதுதான். பெட்டி போய்ச் சேர்ந்திருக்குமா. அந்தக் கவுனை எடுத்துப் பார்க்கிற அளவுக்கு அங்கே ஒரு பெண் மீதி இருப்பாளா. கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கக் கை இல்லை, கையில் கத்தி இருந்தது.

இப்போது ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இவ்வளவு நேரம் நின்ற பிறகு, முதலில் வாயைத் திறக்கிறவர் இறந்தவர்களுக்கு இது போதும் என்று முடிவு கட்டியவராக ஆகிவிடுவார். அந்தப் பழி யாருக்கு வேண்டும்? மெல்ல மெல்ல எல்லாப் பார்வையும் விரிசலிடம் போய் நின்றது. நஷ்டத்தைப் பார்த்து இவ்வளவுதான் என்று சொல்வதுதானே அவர் பிழைப்பு. அவர் வாயைத் திறந்தார். மூடினார். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதர் அவர் கண்முன்னால் வந்துவிட்டார்.

9

இனி முடிவு.

முதல் முடிவு: மெழுகுவத்தி தானாக அணைந்துவிடுகிறது, எல்லோரும் நிமிர்கிறார்கள். (எழுதி அடித்தேன். ஐம்பது வருஷம் காத்திருந்தவளுக்கு ஊதக்கூட வாய்ப்புத் தராமல் விடுவதா?)

இரண்டாவது: அக்கா தும்முகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். தொகுப்பாசிரியருக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. (எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அப்புறம் மௌனத்தை ஆரம்பித்ததும் அக்கா, முடித்ததும் அக்கா. பொடிசு என்னை மன்னிக்க மாட்டாள்.)

மூன்றாவது: பொடிசே சட்டென்று மெழுகுவத்தியை ஊதி, கத்தியை இறக்கி* (பாதியில் நிறுத்தினேன். அவள் ஊதியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன். ஆனால் அவள் ஊத மறுக்கிறாள். கத்தியைப் பிடித்தபடி அழுதுகொண்டே நிற்கிறாள்.)

* அவளுக்குக் கேக் வேண்டாம் என்று அர்த்தமில்லை. வேண்டும். அழுகிறபோதும் அவளுக்கு அந்தக் கேக் வேண்டும். இதை எழுதத்தான் இத்தனை பக்கம் ஆயிற்று.

ஆக, யாரும் சொல்லப்போவதில்லை. அக்கா மணிக்குக் காத்திருக்கிறாள், விரிசலுக்கு வாய் வரவில்லை, விருந்தினர்களுக்குப் பழி வேண்டாம். நானாவது "போதும்" என்று எழுதி முடித்துவிடலாம்தான். ஆனால் அந்த ஊரையே இடித்துப் போட்டவனே நின்றது போதும் என்று சொன்னால் அடுக்குமா?

அந்த ஹாலில் தலை குனியாமல் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். இந்தப் பக்கத்தைப் பார்க்கக் குனிந்ததைத் தவிர நீங்கள் எதற்கும் குனியவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் வெட்டிவிடுவாள், எல்லோரும் உட்காருவார்கள், யாரும் உங்களைத் திட்டமாட்டார்கள். எவ்வளவு நேரம் நின்றால் சரியாக இருக்கும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அது எனக்குத் தெரிந்திருந்தால் கதை எழுதியிருக்க மாட்டேன்.

மெழுகு 'ந்'துக்கு வந்துவிட்டது. சொல்லுங்கள்.